கேளுங்கள், சொல்கிறேன்: திரைக்கு முன்னால் உட்கார்ந்து கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராவியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நவி மும்பையில் துறைமுகக் கிரேன் ஆபரேட்டர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். ஒரு மாதமாகியும் நிஜக் கிரேனைத் தொடவில்லை, சிமுலேட்டர் என்று ஒரு அறைக்குள் ஜாய்ஸ்டிக்கை ஆட்டிவிட்டு வருகிறான். “வீடியோ கேம் விளையாடவா பணம் கட்டினோம்?” என்று அவன் அப்பா கோபப்படுகிறார். இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு அம்மா. எங்கள் காலத்தில் இது கிடைக்கவில்லையே என்று இப்போதும் ஏங்குகிறேன். நான் கற்றுக்கொண்டது சீனியரின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் கையைப் பார்த்துத்தான். இரண்டாவது மாதத்திலேயே ஒரு தப்பு செய்தேன். டிரெய்லரில் கன்டெய்னர் பெட்டியைப் பிடித்துவைக்கும் பூட்டு ஒரு மூலையில் கழற்றப்படாமல் இருந்திருக்கிறது, நான் கவனிக்காமல் தூக்க, பெட்டியோடு டிரெய்லரும் மேலே எழும்பியது, டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தப்பை உங்கள் மகன் சிமுலேட்டரில் பத்து தடவை செய்யலாம், யாரும் குதிக்க வேண்டியதில்லை.

அப்புறம், கிரேன் வேலையில் கஷ்டமே ஆட்டம்தான். மேலே, கயிற்றைத் தாங்கிக்கொண்டு கிரேனின் உத்தரத்தில் ஓடும் வண்டியான ட்ராலி நின்றுவிடும், கீழே கயிற்றில் தொங்கும் பெட்டி நிற்காது, ஊஞ்சல் மாதிரி முன்னே போகும். 20 மீட்டர் கயிறு என்றால் போய்த் திரும்ப சுமார் 9 விநாடி. புதுப் பையன்கள் பயந்துபோய் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள், ஆட்டம் இன்னும் கூடும். பெட்டி போகிற பக்கமே ட்ராலியையும் கொஞ்சம் விட்டு, அது உச்சிக்குப் போகும் நேரத்தில் சரியாக அதன் தலைக்கு மேல் போய் நிற்க வேண்டும், அப்போது அடங்கும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, கை தானாகப் பழக வேண்டும், அதற்கு நூற்றுக்கணக்கான தடவை செய்துபார்க்க வேண்டும். கப்பல் காத்துக்கொண்டிருக்கும்போது பெட்டிகளை ஏற்றி இறக்கும் எந்தத் துறைமுக டெர்மினல் அதற்குக் கிரேனைக் கொடுக்கும்? ஜூன், ஜூலை மழைக்காற்றில் காலிப் பெட்டி பட்டம் மாதிரித் திரும்பும், அதையும் சிமுலேட்டரில் வேண்டும்போது வரவழைக்கலாம், வெயில் காலத்திலேயே பழகலாம்.

ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. கப்பலோரக் கிரேனில் கேபின் பத்து மாடி உயரத்துக்கு மேல், காலடியில் கண்ணாடி, மணிக்கணக்காகக் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கழுத்தும் முதுகும் என்ன பாடுபடும், கீழே நிஜ மனிதர்கள் நடக்கும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும், இதையெல்லாம் திரை முழுதாகக் காட்டாது. அதனால் பயிற்சி நிலையத்தில் நேராகப் போய்க் கேளுங்கள்: சிமுலேட்டர் முடிந்ததும் சீனியர் பக்கத்தில் உட்கார, நிஜக் கிரேனில் எத்தனை மணி நேரம் தருவீர்கள்? எந்த டெர்மினலில்? சிமுலேட்டரில் இருப்பது யார்டில், அதாவது பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்தில், டயர் சக்கரத்தில் ஓடும் ஆர்.டி.ஜி. கிரேனா, கப்பலோரக் கிரேனா? “நூறு சதவீதம் வேலை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினால் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். பையனைத் திட்ட வேண்டாம், அவன் மேல் தப்பில்லை.

கல்யாணிலிருந்து ஒரு மாணவி: பெண்கள் இந்த வேலைக்குப் போகலாமா சார்?

பதில்: தாராளமாகப் போகலாம் மகளே. 40 அடிப் பெட்டி சரக்கோடு 30 டன் வரைக்கும் வரும், அதைத் தூக்குவது மோட்டார், உங்கள் தோள் இல்லை. கேரளாவில் 2025 மே மாதம் திறந்த விழிஞ்ஞம் துறைமுகத்தில், உள்ளூர் மீனவர் குடும்பத்துப் பெண்கள் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தபடியே யார்டு கிரேன்களை ஓட்டுகிறார்கள். தாராவி அம்மா, இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.