ஓடும்போது விழுந்தால்?

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகனுக்கு 18 வயது. இரவில் விழித்திருக்க இரண்டு டின் எனர்ஜி ட்ரிங்க் குடிக்கிறான். படுத்தால் நெஞ்சு படபடக்கிறதாம். கிட்னி பழுதாகுமா, எலும்பு உருகுமா? அதிலுள்ள டோரின் காளை மாட்டிலிருந்து எடுப்பது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பப்பாவின் பிரஷர் குளிசையில் பாதி கொடுத்தேன், குறைந்தது. போன மாதம் கால்பந்து விளையாடும்போது ஓடிய இடத்தில் விழுந்துவிட்டான், வெயிலாக்கும்.
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: வெயிலாக்கும் என்று முடிவெடுக்க வேண்டாம், அம்மா. வெயிலில் நெடுநேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து, மெல்லச் சரிவது வேறு. திருகோணமலை வெயிலில் அப்படி விழும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு. கிடத்திக் காலைத் தூக்கிப் பிடித்தால் எழும்பிவிடுவார்கள். பந்தைத் துரத்தி ஓடும்போதே பொத்தென்று விழுவது வேறு. இருதயத்தில் கோளாறு இல்லை என்று தெரியும்வரை அதை நாங்கள் விடுவதில்லை. பரம்பரையாக இருதயத் தசை தடிப்பது, துடிப்பை நடத்தும் மின்னோட்டம் பிசகுவது போன்றவை இந்த வயதில் தலைகாட்டலாம். எனர்ஜி ட்ரிங்க் அந்த நோயை உண்டாக்குவதில்லை, ஒளிந்திருப்பதைக் கிளப்பிவிடக்கூடும்.

நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள். அது சரியாக வந்தாலும் ஓடும்போது விழுந்ததைச் சொல்லி, எக்கோ (இருதய ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். அவன் விழுந்ததைப் பார்த்த கூட்டாளி ஒருவனும் வரட்டும். எப்படி விழுந்தான், எவ்வளவு நேரம் கிடந்தான் என்று அவனுக்குத்தான் தெரியும். குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உண்டா? நன்றாக நீந்தத் தெரிந்தும் கடலில் மூழ்கியவர் இருந்தால், அதுவும் இருதயக் கோளாறாக இருந்திருக்கலாம், அதையும் சொல்லுங்கள். அதுவரை விளையாட்டும் வேண்டாம், டின்னும் வேண்டாம். மறுபடி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ ஆட்டோ தேடி ஓடாமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

அப்பப்பாவின் குளிசையைக் கொடுக்கச் சொன்னது யார்? பிரஷர் குளிசைகளில் சில இருதயத் துடிப்பைக் குறைப்பவை. இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையாக இருந்தால் மூச்சடைத்திருக்கக்கூடும். படபடப்பு அடங்கினாலும், நோய் இருந்தால் அது மறைந்திருக்குமே தவிர போயிருக்காது. அந்தக் குளிசை அட்டையையும் டொக்டரிடம் காட்டுங்கள்.

படுக்கையில் வரும் படபடப்புக்கு அந்த டின்னே காரணமாக இருக்கலாம். 250 மில்லி டின் ஒன்றில் பொதுவாக 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு இரண்டு டின் குடித்தவன் 3 மணிக்குப் படுக்கும்போதும் ஒரு டின் கஃபீன் உள்ளே இருக்கிறது. பிறகு எங்கே நித்திரை? பகலில் தூங்கி வழிந்து, இரவில் திரும்பவும் டின். நிறுத்தினால் சில நாள் தலையிடிக்கும், அதற்குப் பயந்து மீண்டும் தொடங்கவிடாதீர்கள்.

கிட்னி, எலும்புப் பயத்தை விடுங்கள். டோரின் ஆலையில் செய்வது, காளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீனிதான் கொஞ்சநஞ்சமல்ல, பல டின்களில் 27 கிராம் அளவுக்குப் போகும். அதற்காகச் சீனி இல்லாத டின்னை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டின்னிலுள்ள பச்சை நிறக் குறி சீனி குறைவு என்பதை மட்டுமே சொல்லும். கஃபீன் அதிலும் அதே அளவுதான்.