அந்த 100 மில்லி எதனுடைய அளவு?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மோலாரிட்டி, மோலாலிட்டி சூத்திரங்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். கணக்கு கொடுத்தால் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். மில்லிலிட்டரை லிட்டராக மாற்றவும் மறந்துபோகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: கிராமை மூலக்கூறு நிறையால் வகுத்து மோல் கண்டுபிடிப்பதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. பிறகு அந்த மோலை எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் சறுக்குகிறார்கள். மோலாரிட்டிக்குக் கீழே வருவது கரைசலின் கனஅளவு, லிட்டரில். மோலாலிட்டிக்குக் கரைப்பானின் நிறை, கிலோகிராமில். இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். கண்ணால் பார்க்க வையுங்கள்.

வழக்கமாக நாம் எடுப்பது சாப்பாட்டு உப்பு. அதுதான் வம்பே. 5.85 கிராம் உப்பை 100 மில்லி தண்ணீரில் போட்டால் மொத்தம் சுமார் 102 மில்லிதான் வரும். அந்த இரண்டு மில்லியை எந்தப் பிள்ளை கவனிக்கும்? சர்க்கரை ஆலை ஊரில் இருக்கிறீர்கள், சர்க்கரையையே எடுங்கள். அதன் மூலக்கூறு நிறை 342. 34.2 கிராம், அதாவது 0.1 மோல், இரண்டு பங்கு நிறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பங்கைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து 100 மில்லி ஸ்டாண்டர்ட் பிளாஸ்கில் ஊற்றி, பீக்கரை அலசிய தண்ணீரையும் சேர்த்து, கோடு வரை நிரப்புங்கள். இது 1 மோலார். இரண்டாவது பங்கை, அளந்து வைத்த 100 மில்லி தண்ணீரில் அப்படியே கொட்டிக் கரையுங்கள். மெஷரிங் ஜாரில் ஊற்றிப் பார்த்தால் சுமார் 121 மில்லி நிற்கும். “சார், தண்ணி 100தானே ஊத்தினோம்?” என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். சர்க்கரையும் இடம் பிடிக்கிறது. 0.1-ஐ 0.121-ஆல் வகுத்தால் சுமார் 0.83 மோலார்தான். ஆனால் இதே கரைசல் கச்சிதமாக 1 மோலால்: 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 100 கிராம், அதில் 0.1 மோல். தப்பாகத் தயாரித்த மோலார் கரைசல் சரியான மோலால் கரைசலாகிவிட்டது! (ஆய்வக ஜாரில் கரைத்தால் யாரும் நக்கிப் பார்க்கக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.)

மில்லிலிட்டர் தவறுக்குச் சூத்திரத்தைக் கொஞ்ச நாள் ஒளித்துவைப்பதே மருந்து. 250 மில்லியில் 0.1 மோல் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு அப்படி எத்தனை 250? நான்கு. ஆக 0.4 மோலார். இதை வாய்க்கணக்காகச் சொல்லப் பழகியவன், 250-ஐ அப்படியே போட்டு 0.0004 வந்தால் தானே முகம் சுளிப்பான்.

நீர்த்தல் கணக்கும் இதே வழிதான். தண்ணீர் சேர்த்தால் கனஅளவு கூடும், மோல் கூடாது. தலைகீழாகப் பார்க்க மரக்காணம் உப்பளத்தைச் சொல்லுங்கள்: வெயிலில் போவது தண்ணீர், உப்பு பாத்தியிலேயே இருக்கிறது, அதனால் செறிவு ஏறிக்கொண்டே போகிறது.

அப்புறம் ஒன்று, பிளஸ் டூ பிராக்டிகலுக்கு உதவும். ஆக்ஸாலிக் அமிலப் பாட்டிலின் லேபிளைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு, எனவே மூலக்கூறு நிறை 90 அல்ல, 126. 0.05 மோலார் கரைசல் 250 மில்லிக்கு 1.575 கிராம் நிறுக்க வேண்டும். 90 என்று போட்டு 1.125 கிராம் நிறுத்தவன், டைட்ரேஷன் ஏன் ஒத்துவரவில்லை என்று அன்று முழுக்க பியூரெட்டைத்தான் திட்டிக்கொண்டிருப்பான்.