முன்னால் நிற்பவரின் வயது என்ன?

கேள்வி: எனக்கு 21 வயது. பட்டப்படிப்பு முடிக்கப் போகிறேன். சின்ன வயதிலிருந்தே விமானி ஆகவேண்டும் என்று ஆசை. அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விமானிகள் ஓய்வு பெறுவார்கள், இப்போது சேர்ந்தால் வேலை நிச்சயம், 30 வயதுக்குள் கேப்டன் ஆகிவிடலாம் என்று ஒரு பயிற்சிப் பள்ளியில் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்துப் பணம் தர அம்மா தயார். அப்பா தயங்குகிறார். ஓய்வு வயதை 67 ஆக்கப் போவதாகவும் படித்தேன். உடனே சேரட்டுமா, பொறுக்கட்டுமா?

பதில்: அன்புத் தம்பி,

எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்று பள்ளியில் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் அது விமானக் கம்பெனியின் கணக்கு. நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு. நடுவில் ஒரு வீடு இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மற்ற வேலைகளில் யார் எப்போது கிளம்புவார் என்று முன்கூட்டியே தெரியாது. விமானிக்குக் கடைசி நாள் எது என்பது அவர் பிறந்த தேதியிலேயே இருக்கிறது. சர்வதேசப் பயணிகள் விமானங்களில் 65 வயதுதான் எல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006 நவம்பரில்தான் அதை 60-லிருந்து உயர்த்தியது. ஆகவே எந்த வருஷம் எத்தனை பேர் இறங்குவார்கள் என்று ஒரு கம்பெனி பத்து வருஷத்துக்கு முன்பே எண்ணிச் சொல்லிவிடும். அமெரிக்காவில் இப்போது பெருங்கூட்டமாக ஓய்வு பெறுவதற்கும் காரணம் உண்டு. 1978-ல் அங்கே விமானத் துறைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 80-களில் கம்பெனிகள் வளர்ந்து இளைஞர்களை அள்ளி எடுத்தன. அன்று 25 வயதில் சேர்ந்தவருக்குத்தான் இப்போது 65 ஆகிறது.

ஒருவர் ஓய்வு பெற்றால் என்ன நடக்கிறது? நீண்ட தூர விமானத்தின் கேப்டன் ஒருவர் கடைசியாகத் தரையிறங்குகிறார். வழியனுப்பும் மரியாதையாகத் தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீரை வளைவாகப் பீய்ச்சுகின்றன. அவருடைய இடது சீட்டுக்கு ஏ320, போயிங் 737 போன்ற சிறிய விமானம் ஓட்டும் ஒரு கேப்டன் வருகிறார். அவர் விட்ட இடத்துக்கு அதே விமானத்தின் துணை விமானி ஒருவர் வந்து, தோளில் மூன்று கோடு போய் நான்கு கோடு ஏறுகிறது. அந்தத் துணை விமானியின் சீட்டில்தான் புதிய ஆள். ஒருவர் போனதற்கு மூன்று பேர் பயிற்சிக்குப் போகவேண்டும். தரையிலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டரோ விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பயிற்சி நேரம் ஒதுக்கினாலும் வாயைத் திறக்காமல் போய் உட்காரவேண்டும். அதனால் ஓய்வு பெறுபவர் போன மறுநாளே கடைசி நாற்காலி காலியாவதில்லை. அதை நிரப்பாமலே விட்டுவிடவும் கம்பெனியால் முடியும்.

அப்புறம் சீனியாரிட்டி. பெரும்பாலான பெரிய கம்பெனிகளில், அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், சேர்ந்த தேதிப்படி உங்களுக்கு ஒரு எண் தருவார்கள். எந்த விமானம், எந்த ஊரில் பணி, எந்த நாள் விடுப்பு, எப்போது கேப்டன், எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்ததுதான். ஆட்குறைப்பு வந்தால் கடைசி எண்ணிலிருந்து வெட்டுவார்கள். கம்பெனி மாறினால் அந்த எண் உங்களோடு வராது. இருபது வருஷம் ஓட்டியவரும் புது இடத்தில் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும். வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களை எடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கே நிலைமை இன்னும் கடினம். உங்களுக்கு வரவேண்டிய இடது சீட்டில் வெளியாள் வந்து உட்கார்ந்துவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் 2007 வசந்தத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். தன் பறப்புக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சீனியாரிட்டி எண்ணைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். மாதா மாதம் யாராவது ஓய்வு பெறுவார்கள். இவர் ரப்பரால் அழித்துவிட்டுச் சிறிய எண்ணாக எழுதுவார். அந்த இடத்தில் மட்டும் தாள் தேய்ந்து பின்பக்க எழுத்து தெரியும், எனக்கே காட்டியிருக்கிறார். 2007 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவில் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. சட்டம் கையெழுத்தான அன்றே அமலுக்கும் வந்தது. மறுநாள் 60 ஆகி வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவருக்குக்கூட இன்னும் ஐந்து வருஷம் கிடைத்தது. அடுத்த ஆண்டே பொருளாதாரச் சரிவு. இவருடைய எண் வருஷக் கணக்கில் அப்படியே நின்றது. 2013 வாக்கில்தான் மறுபடி ரப்பரைக் கையில் எடுத்தார். அவர் செய்த தப்பு என்று ஒன்றுமே கிடையாது.

67 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2023-ல் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் 2024-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை, 65 அப்படியே நீடிக்கிறது. விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டா 2025-ல் சர்வதேச எல்லையை 67 ஆக்கச் சொல்லிக் கேட்டது. ஜப்பான் தன் விமானிகளை 2015-லேயே 65-ஐத் தாண்டி ஓட்ட அனுமதித்துவிட்டது. ஆகவே இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரும். வந்தால் வரிசை இரண்டு வருஷம் நிற்கும். 21 வயதில் இருக்கும் உங்களுக்கு அது பெரிய இழப்பு இல்லை, அந்த இரண்டு வருஷம் கடைசியில் உங்களுக்கும் கிடைக்கும். கடன் தவணை தொடங்கிய மாதத்தில் வரிசை நின்றுவிட்டால்தான் வலிக்கும்.

வரிசையை நிறுத்த சட்டம்கூடத் தேவையில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது பல கம்பெனிகள் பணம் கொடுத்து மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பின. அத்தனை காலியிடம் விழுந்தும் அந்த வருஷம் புதிய லைசென்ஸோடு வெளியே வந்தவர்களைச் சீண்ட ஆளில்லை. இரண்டே வருஷத்தில் விமானி கிடைக்கவில்லை என்று அதே கம்பெனிகள் அலைந்தன. 2022, 2023-ல் அமெரிக்கக் கம்பெனிகள் போட்டி போட்டு ஆள் எடுத்தன. 2024-ல் அந்த வேகம் குறைந்தது. ஓய்வு பெறுவோரின் எண்ணிக்கை மட்டும் எப்போதும்போலப் பட்டியலில் இருந்தது.

பள்ளிகள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பெரிய அலை வரும்போது சேர்வது நல்லதுதான், அலையின் தொடக்கத்தில் சேர்ந்தால். முடியும் நேரத்தில் சேர்ந்தால் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பது 62 வயதுக்காரர்கள் அல்ல, 28 வயதுக்காரர்கள். அவர்கள் இன்னும் 37 வருஷம் அங்கேயே இருப்பார்கள். எத்தனை ஆயிரம் பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று யாராவது சொன்னால், நீங்கள் சேர நினைக்கும் கம்பெனியில் உங்களுக்கு மேலே இருப்பவர்களின் வயது என்ன என்று திருப்பிக் கேளுங்கள். அங்கேயே வேலை செய்யும் ஒரு துணை விமானியைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கேப்டன் ஆவதற்குக் கடைசியாக எத்தனை வருஷம் ஆனது என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் விமானிகளுக்கான கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை. பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பைசா கட்டுவதற்கு முன்பு. கண், காது, இதயம் என்று எதிலாவது சிக்கல் இருந்தால் இப்போதே தெரியட்டும். கடன் வாங்கிய பிறகு தெரிந்து நொறுங்கிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பட்டப்படிப்பையும் முடித்துவிடுங்கள், இன்னும் சில மாதம்தானே.

அப்புறம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கவேண்டும் என்ற கணக்கு. வணிக விமானி லைசென்ஸுக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 200 மணி நேரம், ஒருங்கிணைந்த பயிற்சியில் 150. கேப்டனுக்கு வேண்டிய உயர் லைசென்ஸுக்கு 1500. அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1500 வேண்டும். 200-க்கும் 1500-க்கும் இடையில் எங்கே, எதை ஓட்டி, யார் பணத்தில் பறக்கப் போகிறீர்கள் என்று பள்ளியில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்றுநர் ஆகும் வழி இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை நான் அப்பா பக்கம். வீடு வேண்டாம். லைசென்ஸ் வாங்கிய பிறகு இரண்டு வருஷம் வேலை கிடைக்காவிட்டாலும் தவணையைக் கட்டி, லைசென்ஸையும் காலாவதியாகாமல் வைத்திருக்க முடியுமா என்று மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முடியும் என்று வந்தால் தயங்காமல் சேருங்கள், 21 நல்ல வயது. முடியாது என்று வந்தால் ஒன்றிரண்டு வருஷம் வேலை பார்த்துப் பணம் சேர்த்துவிட்டுப் போங்கள். எண் கொஞ்சம் பின்னால் போகும்தான். ஆனால் அம்மா தலைக்கு மேல் கூரை இருக்கும்.

மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அப்பாவையும் அந்தக் கடிதத்தில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.