வாசகர் கேள்விகள்: கல்லில் ஓடும் போர்த்தேர்

கே: எகிப்துக் கோயில் சுவர்களில் இரண்டாம் ராம்சேஸ் கடிவாளத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒற்றை ஆளாகத் தேரில் நின்று அம்பு விடுகிறாரே, இது நடக்கக்கூடியதா? – வாசகி, கும்பகோணம்

ப: போர்க்களத்தில் நடக்காது. மன்னரை உயர்த்திக் காட்டும் அரண்மனை மரபு அது. எகிப்தியத் தேரில் இருவர் இருப்பார்கள்: ஓட்டுபவர், வில்லாளி. கி.மு. 1274 வாக்கில் நடந்த காதேஷ் போரைப் பாடும் அரசவைக் கவிதையே, மென்னா என்ற கேடயக்காரர் கூட இருந்ததைச் சொல்லிவிடுகிறது. எதிரிகளைச் செதுக்கியபோது சிற்பிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்தப் போரில் எதிரிகளான ஹிட்டைட்டுகளின் தேர்களில் மூன்று பேர் நிற்கிறார்கள். பிற்காலத்தில் ரோமானியப் பந்தயத் தேரோட்டிகள் கடிவாளத்தை இடுப்பில் கட்டியது உண்மை. ஆனால் அவர்களுக்கு ஓட்டுவது மட்டுமே வேலை. தேர் கவிழ்ந்தால் வாரை அறுத்துக்கொள்ள ஒரு கத்தியும் வைத்திருந்தார்கள்.

கே: படத்தில் இருப்பது ஓடக்கூடிய எகிப்தியத் தேரா, ஓவியரின் கற்பனையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், திருச்சி

ப: முதலில் அச்சைப் பாருங்கள். அது ஆட்கள் நிற்கும் தட்டின் பின்விளிம்புக்கு அடியில் இருக்க வேண்டும். அப்போது நிற்பவர்களின் எடையில் ஒரு பங்கு ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்குப் போகும். குதிரைகளுக்குச் சுமைதான்; ஆனால் வேகமாகத் திரும்பும்போது தேர் எளிதில் சாயாது.

அடுத்து சக்கரம். எகிப்தை ஆண்ட 18ஆம் வம்சத்தின் தொடக்க ஓவியங்களில் நான்கு ஆரக்கால்கள், பிறகு ஆறு. மாட்டுவண்டிச் சக்கரம் போலத் தடித்திருந்தால் நம்பாதீர்கள். 1922இல் கண்டெடுத்த, எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் ஆறு தேர்கள் இருந்ததால் செய்முறை தெளிவாகத் தெரியும். ஆறு மரத்துண்டுகளைக் கவட்டை வடிவில் வளைப்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கவட்டைகளின் கைகளை முதுகோடு முதுகாக ஒட்டினால் ஓர் ஆரக்கால் ஆகும். சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்தருகே ஈரமான பச்சைத்தோலைச் சுற்றுவார்கள். காய்ந்து சுருங்கும்போது அது மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இதற்கு எமன் ஈரம்தான்: தோலும் இளகும், பசையும் விடும். அந்தக் கல்லறைக்குள்ளேயே தோல் பாகங்கள் கறுத்துக் களிம்பாகக் கிடந்தன. அச்சுகள் அறுபட்டிருந்ததற்குக் காரணம் வேறு. முழு அச்சு கல்லறையின் குறுகிய வழியில் நுழையாது.

தளத்தையும் கவனியுங்கள். பலகை அல்ல, தோல்வார்ப் பின்னல். குலுக்கலை அது வாங்கிக்கொள்ளாவிட்டால் வில்லாளிக்குக் குறி நிற்காது.

கே: பழைய மெசொப்பொத்தேமியாவின் ‘ஊர்’ என்ற நகரத்தில் கிடைத்த, ‘பதாகை’ எனப்படும் படப்பெட்டியில் வண்டி இழுப்பவை குதிரைகளா? – வாசகர், யாழ்ப்பாணம்

ப: இல்லை. சுமார் கி.மு. 2500இல், திண்மச் சக்கரங்கள் நான்கு கொண்ட அந்தக் கனத்த வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் ‘குங்கா’ என்ற கலப்பினம். சிரியாவில் கிடைத்த எலும்புகளின் மரபணு ஆய்வு 2022இல் வெளிவந்தது: தாய் வீட்டுக் கழுதை, தந்தை காட்டுக் கழுதை. குங்கா குட்டி போடாது. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகக் கலப்புச் செய்ய, காட்டுக் கழுதையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

கே: லாகீஷ் முற்றுகைச் சிற்பத்தில், மதில் இடிக்கும் வண்டியிலிருந்து ஒருவர் நீண்ட கரண்டியை நீட்டுகிறாரே, எதற்கு? – வாசகி, மதுரை

ப: தண்ணீர் ஊற்ற. கி.மு. 701இல் யூதா நாட்டின் லாகீஷ் நகரத்தின்மேல் அசீரிய மன்னர் செனகெரிப் நடத்திய முற்றுகை அது. சிற்பம் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதில்மேல் நிற்பவர்கள் எரியும் பந்தங்களை வீசுவதையும் அதில் பார்க்கலாம். வண்டியோ மரச்சட்டத்தில் தோல் போர்த்தியது. முன்முகத்தை நனைத்துக்கொண்டே இருக்காவிட்டால், இடிப்பதற்குள் உள்ளே இருப்பவர்களோடு எரிந்துவிடும்.