டிராம் ஓட்டுநரும் பின்வரிசைப் பெரியவரும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் அறவியல் சொற்பொழிவு என்று அழைப்பிதழ் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியனான எனக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தால் தைரியமாகப் போங்கள் சார். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். அங்கிருந்து சென்னைப் பல்கலைக்கழக வளாகம் நடக்கிற தூரம்தான்.

நானும் முதலில் தயங்கியவன்தான். இப்படி ஒரு சொற்பொழிவுக்குப் போனேன். அன்று பேசியவர், பிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி 1967-ல் எழுப்பிய புதிரைச் சொன்னார். கட்டுப்பாடு இழந்த டிராம். நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், வேறு தண்டவாளத்தில் திருப்பினால் ஒருவர். ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? (நம் ஊரில் டிராம் 1953-லேயே நின்றுபோச்சு, பிரச்சினை இல்லை என்று பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தார்.)

ஒன்று போனாலும் ஐந்து மிச்சம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்த ஒருத்தன் என் பேரனா இருந்தா?" என்றார். பேச்சாளர் உடனே வாய் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் நடந்த அரைமணி நேரம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

சரி, ஒன்று மட்டும்: தேநீர் குடித்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். கேள்வி நேரம் அப்புறம்தான்.