‘மேக் அப்’: பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள்

கேள்வி: மேக்கப் என்றால் முகத்துக்குப் போடுவது. அப்படியானால் ‘ஹி மேட் அப் எ ஸ்டோரி’ என்பது என்ன?

பதில்: இல்லாத கதையைக் கட்டினான் என்று பொருள். எப்போதும் பொய்யைத்தான் குறிக்கும் என்றில்லை. குழந்தைக்காக அந்த நேரத்தில் புனைந்து சொல்லும் கதைக்கும் இதே வினைதான். ‘எக்ஸ்க்யூஸ்’ சேர்ந்து வந்தால் பொய்ச்சாக்கு என்பது உறுதி.

கேள்வி: ‘மேட் அப் இட்’ என்று எழுதியது தவறாம். ஏன்?

பதில்: ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்: ‘மேட் இட் அப்’. பெயர்ச்சொல்லானால் ‘மேட் அப் தி ஸ்டோரி’, ‘மேட் தி ஸ்டோரி அப்’ இரண்டும் சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் அதை விவரிக்கும் சொற்கள் நீண்டால் அந்தத் தொடரை ‘அப்’ என்பதற்குப் பின்னால், கடைசியில் வையுங்கள்.

கேள்வி: சார், ‘வித்’, ‘ஃபார்’, ‘டு’ மூன்றும் பின்னால் வருகின்றன. எது எதற்கு?

பதில்: அதிகம் பேர் தடுமாறும் இடம் இது.

‘வித்’ வந்தால் சண்டைக்குப் பின் ராசியாவது: ‘ஷி மேட் அப் வித் ஹெர் சிஸ்டர்’. இருவரும் எழுவாயில் இருந்தால் ‘தே மேட் அப்’ போதும்.

‘ஃபார்’ ஈடுகட்டுவதைக் குறிக்கும். ஈடாக நிற்பது எழுவாயில் வரும். குறையோ இழப்போ ‘ஃபார்’ பின்னால் வரும். ‘ஹெர் எஃபர்ட் மேட் அப் ஃபார் ஹெர் லாக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் அனுபவக்குறையை உழைப்பு ஈடுகட்டியது. இடம் மாற்றினால் பொருளே தலைகீழாகும்.

‘டு’ பின்னால் ஈடு பெறும் ஆள் வருவார்: ‘ஐ வில் மேக் இட் அப் டு யூ’. இங்கே ‘இட்’ கட்டாயம். அதை விட்டுவிட்டு ‘மேக் அப் டு’ என்றால், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காரியம் சாதிக்கக் குழைந்து பேசுவது என்றாகிவிடும். மன்னிப்புக் கடிதத்தில் இந்தப் பிழை நேரவே கூடாது.

கேள்வி: ‘கேர்ள்ஸ் மேக் அப் 60 பர்சென்ட் ஆஃப் தி க்ளாஸ்’ சரியா?

பதில்: சரி. வகுப்பில் 60 சதவீதம் பெண்கள். ‘ஆர் மேக்கிங் அப்’ என்று எழுத வேண்டாம். இது நிலையைச் சொல்வது, நடக்கும் செயலை அல்ல. முழுமையை எழுவாயாக்கினால் ‘தி டீம் இஸ் மேட் அப் ஆஃப் 11 ப்ளேயர்ஸ்’.

கேள்வி: ‘மேக் அப் யுவர் மைண்ட்’?

பதில்: ஒரு முடிவுக்கு வா. எழுவாய் மாறினால் ‘மை’, ‘ஹிஸ்’, ‘தெயர்’ என்று நடுச்சொல்லும் மாறும்.

கேள்வி: ‘முகத்துக்கு மேக்கப் போட்டேன்’ என்பதை ‘ஐ மேட் அப்’ எனலாமா?

பதில்: கூடாது. ‘ஐ புட் ஆன் மேக்கப்’ என்பதே இயல்பு. அலங்காரத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லைச் சேர்த்து எழுதி, ‘மேக்’ மேல் அழுத்தம் கொடுங்கள். வினையைப் பிரித்து எழுத வேண்டும். அதில் அழுத்தம் ‘அப்’ மேல் விழும்.