பசுவுக்கு இடமில்லாத படகு

கேள்வி: வங்கதேசத்தில் வெள்ளம், புயல் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அப்படியும் ஏழைகள் கடைசிவரை வீட்டைவிட்டு அசைவதில்லையே, இது அறியாமைதானே?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஜமுனா ஆற்றின் நடுவே ‘சர்’ எனப்படும் மணல்திட்டு ஒன்றில் நான்கு நாள் தங்கும்வரை.

முற்றத்தில் தண்ணீர் ஏறியதும் அந்த வீட்டு அம்மாள் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். மறுநாள் இன்னும் ஒரு வரிசை. மூன்றாம் நாள் பிள்ளைகள், மண் அடுப்பு, அரிசிப் பானை, இரண்டு கோழிகள் எல்லாம் கட்டில்மேல். பசு மட்டும் வெளியே வயிறு நனைய நின்றது. படகு வந்தது. ஆட்களை மட்டும்தான் ஏற்றுவார்களாம். அவர் ஏறவில்லை. பசு கடனில் வாங்கியது. வாரத் தவணை இன்னும் பாக்கி. விற்றுவிடலாமே என்று நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன். வைக்கோல் நனைந்து ஊரே மாட்டை விற்க நிற்கும்போது வியாபாரி சொல்வதுதானே விலை!

அறிவிப்பால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். 1991இல் சுமார் 1,38,000. 2007 சித்ர் புயலில் ஏறத்தாழ 3,400. கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடுவீடாக ஓடிய தொண்டர்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் சாவு இப்படிக் குறைந்ததில் பெரும்பங்கு உண்டு. கடலோரத்தில் ஆடுமாடுகள் ஏறி நிற்க ‘கில்லா’ என்ற மண்மேடுகளையும் எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கட்டச் சொன்னவருக்கு அந்த அம்மாளின் கணக்கு புரிந்திருக்கிறது.

தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வண்டல் கொண்டுவந்து வயலை வளமாக்கும் பெருக்குக்கு ‘பர்ஷா’ என்று பெயர்; குடியைக் கெடுப்பது ‘பொன்னா’. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கை மூழ்கடித்த 1998 வெள்ளம் இரண்டாம் வகை. ஆனால் அந்த அம்மாள் அதிகம் பயந்தது இரண்டுக்கும் அல்ல, கரை அரிப்புக்குத்தான். வெள்ளம் வடிந்தால் வீடு திரும்பலாம். ஆறு தின்ற மனைக்கு எப்படித் திரும்புவது? டாக்காவின் குடிசைப் பகுதிகளுக்குப் போய் ரிக்‌ஷா மிதிப்பவர்களில் இப்படி மனை இழந்தவர்கள் ஏராளம்.

அவர் வீட்டுச் சுவர் தகரம். பிரித்துப் படகில் ஏற்ற வசதி. அதில் பொத்தல் பொத்தலாகப் பழைய ஆணித் துளைகள். எத்தனை முறை பிரித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணி, ஏழு என்றார்.